பைத்தான்-டாக்எக்ஸ்: நிரல் எழுதும் அறிக்கையில் தமிழ்

நிரல் எழுதி அறிக்கை தயாரிக்க நினைப்பவர், எந்த லைப்ரரி என்று தேடுவதற்கு முன் கோப்பு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். படித்துவிட்டு மூடி வைப்பவருக்கு என்றால் பிடிஎஃப் போதும். நம் அலுவலகங்களில் அறிக்கை அத்தோடு ஓய்வதில்லை. பிரிவு அலுவலர் ஒரு பத்தி சேர்ப்பார், மேலதிகாரி இரண்டு வரியை அடிப்பார், கடைசி நேரத்தில் ஒரு பெயர் மாறும். இந்தத் திருத்தங்களுக்கெல்லாம் நிரல் எழுதியவரையே கூப்பிட வேண்டியிருந்தால் வேலை மிச்சமாகவில்லை என்றுதான் பொருள். பைத்தான்-டாக்எக்ஸ் லைப்ரரியை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்: அது தருவது யாரும் திறந்து திருத்தக்கூடிய வேர்டு கோப்பு.

சோதித்துப் பார்க்க மாவட்டவாரி மழை அறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் தலைக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் தலைப்பு, நிலவரம் சொல்லும் ஒரு பத்தி, மாதவாரி அட்டவணை, ஒரு வரைபடம். தரவு முழுவதும் ஒரு சிஎஸ்வி கோப்பில்.

ஸ்டீவ் கேனி எழுதிய இந்த லைப்ரரி எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, 2023இல் 1.0 பதிப்பை எட்டியது. பிப் கட்டளையில் பெயரை முழுதாக, முன்னொட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் டாக்எக்ஸ் என்று கொடுத்தால் பராமரிப்பில்லாத வேறொரு பழைய தொகுப்பு வந்து இறங்கும். நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போது மட்டும் அந்தச் சின்னப் பெயர் போதும். கணினியில் வேர்டு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேர்டு 2007இல் வந்த டாக்எக்ஸ் வடிவம் உண்மையில் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் போட்டுக் கட்டிய ஒரு ஜிப் பொதி. லைப்ரரி அந்த எக்ஸ்எம்எல்லைத்தான் எழுதுகிறது. அதனால் லினக்ஸ் சர்வரிலும் ஓடும்.

தலைப்பு, பத்தி, அட்டவணை, படம் எல்லாமே ஆளுக்கொரு வரியில் முடிகின்றன. அளவுகளைச் சென்டிமீட்டரிலோ பாயிண்டிலோ சொல்லலாம். ஒன்றை மறக்கக் கூடாது: வெறுமனே புது ஆவணம் கேட்டால் கிடைப்பது அமெரிக்க லெட்டர் தாள். ஏ4க்கு அகலம் 210, உயரம் 297 மில்லிமீட்டர் என்று நாமே அமைக்க வேண்டும்.

இனி தமிழ். எழுத்தைக் கோத்து வரையும் வேலையை இந்த லைப்ரரி தொடுவதே இல்லை. யூனிகோடை அப்படியே கோப்பில் வைத்துவிடுகிறது. கொம்பையும் காலையும் உரிய இடத்தில் போடுவது வேர்டின் பொறுப்பு. பிடிஎஃப்பை நேரடியாக எழுதும் லைப்ரரிகளில் இது பெரும் தலைவலி. எஃப்பிடிஎஃப்2இல் யுஹார்ஃப்பஸ் என்ற துணைத் தொகுப்பை நிறுவி, எழுத்துக் கோக்கும் வசதியையும் நாமே இயக்காவிட்டால், ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பைத்தான்-டாக்எக்ஸில் அந்தப் பயம் இல்லை. தரவு மட்டும் யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிக்கல் எழுத்துருவில் வருகிறது. ‘38 மாவட்டங்கள்’ என்று எழுதி, எழுத்துரு நிர்மலா, அளவு 16, தடித்த எழுத்து என்று நிரலில் சொன்னால், 38 மட்டும் பெரிதாகித் தடிக்கிறது. ‘மாவட்டங்கள்’ இருந்தபடியே இருக்கிறது. இதைப் பார்த்து லைப்ரரிக்குத் தமிழ் ஒத்துவரவில்லை என்று கைவிட்டுவிடுவது எளிது. காரணம் தெரிந்தால் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வேர்டு ஒரே சொற்றொடருக்குள் பல எழுத்துருக்களை வைத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒன்று, சீன ஜப்பானிய எழுத்துகளுக்கு ஒன்று, அரபி, இந்தி, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்குத் தனியாக ஒன்று. இந்தக் கடைசி வகையை எக்ஸ்எம்எல்லில் சிஎஸ் என்று குறிக்கிறார்கள். எழுத்துரு மட்டுமல்ல, அளவும் தடிப்பும் சாய்வும் அதற்குத் தனித்தனியே உண்டு. வேர்டில் நாம் பொத்தானை அழுத்தித் தடிக்க வைக்கும்போது அது இரண்டு இடத்திலும் எழுதிவிடுகிறது. அதனால் நமக்கு இது தெரிவதே இல்லை. பைத்தான்-டாக்எக்ஸில் எழுத்துருப் பெயரைக் கொடுத்தால் ஆங்கிலப் பக்கம் மட்டும்தான் பதிவாகிறது.

தடிப்புக்கும் சாய்வுக்கும் சிஎஸ் வகைப் பண்புகளை லைப்ரரியே வைத்திருக்கிறது. அவற்றை உண்மை என்று அமைத்தால் போதும். பெயருக்கும் அளவுக்கும் அது இல்லை. எக்ஸ்எம்எல் உறுப்பைத் தொட்டு நாமே எழுத வேண்டும். அளவை அரைப் பாயிண்ட் கணக்கில் சொல்ல வேண்டும்: 16 பாயிண்டுக்கு 32. நான்கைந்து வரியில் ஒரு சிறு செயற்கூறு எழுதி வைத்துக்கொண்டால் எல்லா அறிக்கைக்கும் உதவும்.

அதைவிட நல்ல வழி, எழுத்துருவை நிரலுக்குள் கொண்டுவராமல் இருப்பது. வேர்டைத் திறந்து ஒரு மாதிரிக் கோப்பு செய்யுங்கள். ஏ4 தாள், ஓரங்கள், முத்திரை, தலைப்புகளுக்கும் பத்திக்கும் அட்டவணைக்குமான பாணிகள், அவற்றில் தமிழுக்கான எழுத்துரு எல்லாவற்றையும் அங்கேயே அமைத்து, உரையை அழித்துவிட்டுச் சேமியுங்கள். நிரல் அந்தக் கோப்பைத் திறந்து பாணியின் பெயரை மட்டும் சொல்லி எழுதட்டும். மாதிரியில் இல்லாத பாணியைக் கேட்டால் பிழை சொல்லி நின்றுவிடும், அதுவும் நல்லதுக்கே. இப்படிச் செய்தபின் என் நிரலின் நீளம் பாதிக்கு மேல் குறைந்தது. அறிக்கையின் தோற்றத்தை மாற்ற நிரல் தெரியாதவரே போதும் என்ற நிலையும் வந்தது.

மாதிரிக் கோப்பில் ‘மாவட்டம்’, ‘தேதி’ என்று குறி வைத்து, அவற்றைத் தேடி மாற்றுவது இன்னொரு முறை. அதற்கு இந்த லைப்ரரியை நேரடியாக நம்ப வேண்டாம். கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரிவதை வேர்டு உள்ளே பல துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். இடையில் ஒரு முறை திருத்தியிருந்தாலே துண்டுபடலாம். தேடும் குறி எந்தத் துண்டிலும் முழுதாகக் கிடைக்காது. இந்த வேலைக்கென்றே பைத்தான்-டாக்எக்ஸின் மேல் கட்டப்பட்ட டாக்எக்ஸ்டிபிஎல் இருக்கிறது. ஜின்ஜா குறிகளை வேர்டு கோப்புக்குள்ளேயே எழுதலாம், அட்டவணை வரிசைகளைச் சுழற்சியில் நிரப்பலாம். கடித வகை அறிக்கைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அட்டவணையில் குறை உண்டு. வரிசை எண், நெடுவரிசை எண் சொல்லி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டால், ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதையும் லைப்ரரி மறுபடி கணக்கெடுக்கிறது. நூற்றுக்கணக்கான வரிசைகள் இருந்தால் தாமதம் நன்றாகவே தெரியும். வரிசையின் கட்டங்களை ஒரே முறை எடுத்து வைத்துக்கொண்டு நிரப்பினால் வேகம் கூடுகிறது. அடுத்த பக்கத்திலும் தலைப்பு வரிசை வர வேண்டும் என்றால் மறுபடி எக்ஸ்எம்எல்லைத் தொட வேண்டியதுதான். இவ்வளவு அடிப்படையான தேவைக்கு ஒரு நேரடிக் கட்டளை இருந்திருக்க வேண்டும்.

எண்களுக்கு ஒரு சொல். பைத்தான் தானாகக் காற்புள்ளி போட்டால் 1,234,567 என்றுதான் வரும். பேபல் தொகுப்பில் இந்திய வட்டாரத்தைக் கொடுத்தால் 12,34,567 என்று நமக்குப் பழகிய லட்சக் கணக்கில் கிடைக்கும். வரைபடத்தை மேட்பிளாட்லிப்பில் வரைந்து, வட்டில் சேமிக்காமல் நினைவகத்திலிருந்தே ஆவணத்தில் செருகலாம். வரைபடத்துக்குள் தமிழ் எழுதுவதைத் தவிர்த்தேன். என்னிடமுள்ள பதிப்பு கொம்பை இடம் மாற்றிப் போடுகிறது. அச்சுகளில் எண்ணை மட்டும் வைத்து, தலைப்பை வேர்டின் பத்தியில் எழுதியதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

பொருளடக்கம் வேண்டுவோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த வரி எந்தப் பக்கத்தில் விழும் என்பது இந்த லைப்ரரிக்குத் தெரியாது. பக்கம் பிரிப்பது வேர்டு. பொருளடக்கத்துக்கான புலத்தை மட்டும் செருகலாம், திறப்பவர் எஃப்9 அழுத்தினால் பக்க எண் நிரம்பும். பிடிஎஃப்பையும் இந்த லைப்ரரி தானாகத் தராது. லிப்ரேஆஃபிஸைத் திரையில்லாமல் ஓட்டி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சர்வரில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். பைத்தான்-டாக்எக்ஸ் எழுத்துருவைக் கோப்போடு பொதிந்து அனுப்பாது. விண்டோஸ் 10 முதல் லதா என்ற தமிழ் எழுத்துரு துணை எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டதால், பல கணினிகளில் திறக்கும் கோப்புக்கு நிர்மலாவே பாதுகாப்பு. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, மாதிரிக் கோப்பிலும் அதையே குறிப்பிடலாம்.

38 பக்க அறிக்கை இப்போது ஒரே கட்டளையில் வருகிறது, வந்தபின் எவரும் திருத்தலாம். தமிழில் அறிக்கை எழுதும் அலுவலகங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சிஎஸ் எழுத்துருவின் பெயரையும் அளவையும் அமைக்க இரண்டு பண்புகள் மட்டும் லைப்ரரிக்குள்ளேயே வர வேண்டும். இந்தியிலும் அரபியிலும் எழுதுபவர்களுக்கும் இதே தேவைதான். மூல நிரல் திறந்தே கிடக்கிறது, தடிப்புக்கும் சாய்வுக்கும் எழுதிய முன்மாதிரி அதிலேயே இருக்கிறது. தமிழ் நிரலர் ஒருவர் உட்கார்ந்தால் அந்தத் திருத்தத்தை எழுதிச் சோதனைகளோடு அனுப்பிவிடலாம்.