பொற்கொல்லன்மேல் மட்டும் பழி போட்டால்

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடிக்க வைப்பதென்றால் பெரும்பாலும் வழக்குரை காதையைத்தான் எடுப்போம். விரிந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, தெறிக்கும் பரல், சரிந்து விழும் அரசன். பத்து நிமிடத்தில் முடியும், கைதட்டலும் கிடைக்கும். அன்னவாசல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நானும் அப்படித்தான் நடத்தினேன். முடிந்ததும், "கோவலன் யாரால செத்தான்?" என்று கேட்டேன். "பொற்கொல்லனால சார்!" என்று வகுப்பே கத்தியது. நல்ல பதில் என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் ஒரு பையன் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவுக்கு நகைப்பட்டறையில் வேலை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவனைச் "சிலம்புத் திருடா" என்று கூப்பிடுகிறார்களாம். விளையாட்டுக்குத்தான். ஆனால் அந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தது நான்தானே.

அன்று இரவு கொலைக்களக் காதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அரசி ஊடிக்கொண்டு, தலைவலி என்று சொல்லி ஆடலரங்கைவிட்டு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த ஓடும் அவசரத்தில் இருக்கிறான் பாண்டியன். அந்த நேரத்தில்தான் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசன் விசாரிக்கவில்லை, நின்ற நிலையிலேயே ஆணை. கொல்லப் போன காவலர்களுக்கோ சந்தேகம் வந்துவிடுகிறது. 'இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே' என்று ஒருவன் சொல்லியே விடுகிறான். பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வருக்குத் துணையான எட்டையும் அடுக்கிப் பேசுகிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான்.

பொய் சொன்னவன் ஒருவன்தான். ஆனால் அந்தப் பொய் கொலையாக மாற எத்தனை பேர் தேவைப்பட்டார்கள்! வில்லன் செய்த கொலை என்று சொல்லிக் கொடுத்தால் அது வெறும் குற்றக் கதை. தடுத்திருக்கக்கூடிய ஒவ்வொருவரும் அவரவர் காரணத்தோடு தடுக்காமல் போனதுதான் இதைத் துன்பியல் ஆக்குகிறது.

அடுத்த வாரம் புகார்க் காண்டத்திலிருந்தே தொடங்கினோம். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலைதான்: கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் "நில்லு" என்று சொல்ல வேண்டும். கானல்வரியில் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு கோவலன் எழுந்து போகிறான். "நில்லு." மாதவியின் முதல் ஓலையை வாங்க மறுக்கிறான். "நில்லு."

கொடும்பாளூர் வந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இங்கிருந்து இலுப்பூர் வழியாகப் பஸ்ஸில் போகிற ஊர் அல்லவா! அந்தக் குளக்கரையில் வழி சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று காடுகாண் காதையில் மறையவன் சொல்கிறான். "சரியான வழிய விட்டுட்டாங்களா சார்?" என்றான் ஒருவன். இல்லை, மூன்றுமே மதுரைக்குத்தான் போகும். சோஃபக்ளீஸின் நாடகத்தில் ஈடிப்பஸ் தன் தந்தை என்று தெரியாமலே அவரைக் கொல்வதும் மூன்று சாலை கூடும் இடத்தில்தான். ஆனால் கொடும்பாளூரில் யாரும் தவறான வழியில் திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டிய இடம் வேறு.

அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவி. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் மாதவியின் இரண்டாம் ஓலையைக் கொண்டுவருகிறான். தவறு தன்னுடையதே என்று உணர்கிற கோவலன் அந்த ஓலையையே பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான். ஆனால் அவன் போகவில்லை. "அப்பவே ஊருக்குத் திரும்பியிருக்கலாமே சார்?" பொருளை இழந்த வறுமை நாணம் தருகிறது என்று புகாரிலேயே கண்ணகியிடம் சொன்னவன் ஆயிற்றே. நான் இதை விளக்குவதற்குள் இன்னொரு பையன் சொன்னான்: "எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சார். கடனாயி திருப்பூர் போனவரு, மூஞ்சிய காட்ட முடியலன்னு திருவிழாவுக்குக்கூட வர்றதில்ல."

ஊழ்வினை எங்கே போயிற்று என்று நண்பர்கள் கேட்கலாம். நூலில் அது இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மதுரைத் தெய்வம் முற்பிறப்புக் கதை சொல்வது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. நாம் அதையே முதல் நாள் பாடமாக வைத்தால் பிள்ளைகள் யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கவுந்தியடிகளைப் பாருங்கள். நல்லது நினைத்துத்தான் இருவரையும் மாதரியிடம் ஒப்படைத்தார். சேதி கேட்டு மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைகளைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு அந்த நோன்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'விதி' என்ற ஒரு சொல்லில் இந்த மரணங்களை அடக்கிவிட முடியாது.

கடைசியாக நீர்ப்படைக் காதை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், பத்தினிக்குப் பலியாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கொல்கிறான். அதுவரை வாயே திறக்காதிருந்த அந்தப் பையன் எழுந்தான்.

"அந்த ஆயிரம் பேருமா சார் சிலம்பத் திருடுனாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதில் தொடங்கிய கதை, விசாரிக்காமல் ஆயிரம் பேரைக் கொல்வதில் வந்து நிற்கிறது. இளங்கோ அதைப் பூசி மெழுகாமல் எழுதி வைத்திருக்கிறார். வழக்குரை காதையோடு பாடத்தை முடித்துக்கொண்டதால், இத்தனை வருடமாக நான்தான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. இனி சிலம்பு நடத்தும்போதெல்லாம் அந்தக் கேள்வி வரைக்கும் நடத்துவதாக இருக்கிறேன்.