ஐந்து வாட் போதும்

மயாமியின் கிரைடீரியா ஸ்டுடியோவில் 1970இல் ‘லைலா’ இசைத்தட்டுப் பதிவானபோது எரிக் கிளாப்டன் தன் கிதாரைச் செருகியது ஃபெண்டர் சாம்ப் என்ற சின்னஞ்சிறு வால்வு ஆம்பில். சக்தி ஐந்து வாட். ஸ்பீக்கர் எட்டு அங்குலம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை மனத்தில் வைத்து ஃபெண்டர் தயாரித்த மலிவான பெட்டி அது. ‘கிரீம்’ குழுவில் இருந்தபோது ஆளுயர மார்ஷல் அடுக்குகளுக்கு முன்னால் நின்று வாசித்தவர், அந்தக் கொதிக்கும் நாதத்துக்கு இந்தச் சிறு பெட்டியே போதும் என்று கண்டார்.

வால்வு ஆம்ப் வாங்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது “எத்தனை வாட் எடுக்கலாம் அண்ணா?” என்றுதான். நானும் அப்படிக் கேட்டு ஐம்பது வாட் வாங்கியவன். மாடிக் குடியிருப்பில் பல ஆண்டுகள் அதன் வால்யூம் குமிழ் இரண்டாம் எண்ணைத் தாண்டியதில்லை. அதாவது, காசு கொடுத்து வாங்கிய வால்வை நான் கேட்கவே இல்லை.

வால்வுக்குள் நடப்பது இதுதான். காற்று நீக்கிய கண்ணாடிக் குழலின் நடுவில் கேத்தோடு சூடேறி எலக்ட்ரான்களை உமிழ்கிறது. சுற்றிலும் உள்ள தகடு அவற்றை இழுக்கிறது. இடையில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. கிதாரிலிருந்து வரும் சன்னமான மின்துடிப்பு அந்தச் சுருளில் ஏறி, பெரிய ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டிவைக்கிறது. தாங்கக்கூடிய அளவைத் தாண்டித் துடிப்பைச் செலுத்தினால் சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று அலையின் தலையைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டிவிடும். வால்வோ முதலில் அலையை வளைக்கும். அந்த வளைவில்தான் புதிய அனுசுரங்கள் பிறக்கின்றன. சாம்ப் போல ஒரே ஒரு பவர் வால்வு உள்ள சுற்றில் இரண்டாம் அனுசுரம், அதாவது வாசித்த சுரத்தின் மேல் ஸ்தாயி, தூக்கலாக நிற்கும். தம்புராவின் பாலத்தில் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் தந்தி திடீரென்று விரிந்து ரீங்கரிக்குமே, அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் பெரிய சுகம் விரலில் இருக்கிறது. ஆம்பை அலை வளையத் தொடங்கும் விளிம்பில் நிறுத்திவிட்டு மெதுவாக மீட்டினால் சுரம் தெளிந்த நீராக வரும். அதே தந்தியை அழுத்தி மீட்டினால் உடைந்து கரகரக்கும். நடுவில் எத்தனையோ படிகள். எந்தப் பொத்தானையும் தொடாமல், கிதாரின் வால்யூமைக் கால் திருப்பு குறைத்தே அழுகையிலிருந்து பேச்சுக்கு வரலாம். 1950களின் சாம்பில் இருந்தது ஒரே குமிழ். எண்கள் பன்னிரண்டு வரை. பாஸ், டிரெபிள் எதுவும் கிடையாது. வாசிப்பவரின் கைதான் மற்ற எல்லாக் குமிழ்களும்.

இதற்கு ஆம்பை உழைக்கவிட வேண்டும். ஐம்பது வாட்டை வீட்டில் உழைக்கவிட முடியாது. ஐந்து வாட் என்றால் சத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. பத்து மடங்கு சக்தி காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம்தான். ஐந்து வாட் வால்வு ஆம்பை முழுக்கத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஆங்கிலேயர்கள் வேறு வால்வைப் பிடித்தார்கள். சாம்பில் உள்ளது 6வி6. 1958இல் வந்த வாக்ஸ் ஏசி15இல் இருப்பவை இரண்டு இஎல்84. பொடிமணிகளைச் சிதறவிட்டதுபோல் மேல்சுரங்கள் மினுங்கும். இந்த இஎல்84ஐ பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தயாரித்தது. நம் ஊர் வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை இயக்கியதும் இதுதான்.

இன்று குறைந்த செலவில் வேண்டுமென்றால், ஒரு இஎல்84 கொண்ட புகேரா வி5 என் முதல் தேர்வு. ஐந்து வாட்டை ஒரு வாட்டாகவும் பத்தில் ஒரு வாட்டாகவும் குறைக்கும் வசதி அதில் உண்டு. இரவில் வாசிப்பவருக்கு அது வரம். டிரம்ஸ்காரரோடு வாசிக்க வேண்டுமா, ஃபெண்டர் புளூஸ் ஜூனியர்: பதினைந்து வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். அதற்கு மேல் போகத் தேவையில்லை. சிறிய ஆம்பின் பலவீனம் பெரும்பாலும் அதன் ஸ்பீக்கர்தான். பின்புறம் ஸ்பீக்கர் செருகுவாய் இருந்தால், ஓம் அளவு பொருந்துகிற பன்னிரண்டு அங்குலப் பெட்டியோடு இணைத்துப் பாருங்கள். உள்ளிருந்து வேறொரு ஆம்ப் எழுந்துவரும். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் வாசித்துவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும்.

பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். வால்வின் உட்பக்கம் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வு போயிற்று. தகடே செந்தணலாகச் சிவந்தால் உடனே அணையுங்கள். சிறிய வால்வுகளை மரக்குச்சியால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியோசை கேட்டால் மாற்ற வேண்டியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்றிருப்பதை நம் 230இல் நேரடியாகச் செருகக் கூடாது. உள்ளே கைவைக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கிதாரை எடுத்துச் செல்லுங்கள். பெடல் எதுவும் வேண்டாம், ஒரு கேபிள் போதும். சுவிட்சைப் போட்டு வால்வு சூடாக அரை நிமிடம் பொறுங்கள். பிறகு குமிழைக் கடைசி எண் வரை திருப்பி, மென்மையாக ஒரு முறையும் அழுத்தி ஒரு முறையும் மீட்டுங்கள். அப்படித் திருப்பிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.