வேடனின் தூணி: கண்ணப்பர் அம்பைச் சுமந்த விதம்

தூணி என்பது அம்புகளை இட்டு உடலோடு சேர்த்துச் சுமக்கும் கூடு. ஆவநாழிகை, தூணீரம், புட்டில், அம்பறாத்தூணி என்ற பெயர்களும் உண்டு. இன்று பரவலாகத் தெரிந்த பெயர் அம்பறாத்தூணி. அம்பு அறாத தூணி, அதாவது எடுக்க எடுக்கத் தீராதது. காண்டவ வனத்தை எரிப்பதற்கு முன் அருச்சுனன் பெற்ற தூணிகள் அத்தகையவை. இது போர்வீரனின் ஆசையிலிருந்து பிறந்த சொல். வேடனுக்கு அம்பு தீரும், வளையும், புதரில் தொலையும். தமிழிலக்கியத்தில் வேடனின் தூணியைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் குறை.

சுமத்தலின் சிக்கல்

முதுகுத் தூணி பார்வைக்கு எளியது. தோளுக்கு மேல் கையை நீட்டினால் அம்பு வந்துவிடும். ஆனால் வேட்டையில் அதன் குறைகள் உடனே தெரியும். நடக்கையில் அம்புத்தண்டுகள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழுப்பும். மானுக்கு அந்த ஓசை போதும். புதருக்குள் குனிந்தால் அம்புகள் தலைவழியே சரிந்து விழும். கிளைகள் அம்பின் இறகுகளைப் பிய்க்கும். அகன்ற இரும்பு முனைகள் உரசி மழுங்கும், அடித்தோலைக் கிழித்து வெளியே வந்தால் சுமப்பவனையே குத்தும். கையை மேலே தூக்கும் அசைவையும் விலங்கு பார்த்துவிடும்.

தீர்வுகளும் பழையவையே. விறைப்பான குழாயைவிட, அம்புகளின் மேல் தானே படிந்து இறுகும் மெல்லிய தோல் நல்லது. அடியில் புல்லோ கம்பளி மயிரோ திணித்தால் முனைகள் அசையாது. பதுங்கி நகரும்போது தூணியை அக்குளுக்குக் கீழே இழுத்து, அம்புகளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதனிடம் இருந்த தோல்தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. முழு அம்பாகச் செய்து முடிக்கப்பட்டவை இரண்டே. வேடனின் கணக்கு அவ்வளவுதான்.

இலக்கியத்தில்

நம் புலவர்கள் அம்பு பாய்வதைப் பார்த்த அளவுக்கு அம்பு இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. புறநானூறு 152-ல் வன்பரணர் பாடும் வல்வில் வேட்டுவனின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்குகிறது. அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

விதிவிலக்கு முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாசறையில் விற்களை ஊன்றித் தூணிகளை அவற்றில் தொங்கவிட்டதைக் காட்டி, அதற்கு அந்தணர் முக்கோலில் காவியுடையைத் தொங்கவிட்டதை உவமை சொல்கிறார். தூணி அங்கே எடையுள்ள, தொங்குகின்ற பொருள். அவ்வளவு துல்லியமாகப் பார்த்த இடம் எனக்கு வேறு நினைவில்லை.

கம்பர் விசுவாமித்திரரோடு புறப்படும் இராமனுக்குத் தூணியைக் கட்டிவிடுகிறார், ஆனால் அதை மெய்யைப்போல் தேயாதது என்கிறார். மீண்டும் அறாத் தூணிதான்! குகன் இராமனைக் காண வரும்போது அம்பையும் வில்லையும் விட்டு, இடையில் கட்டிய வாளையும் நீக்குகிறான். வாள் இருந்த இடம் சொல்லப்படுகிறது. அம்பு இருந்த இடம் சொல்லப்படவில்லை.

கண்ணப்பர்

வடசென்னையில் உள்ள திருவொற்றியூர்க் கோயிலில், இரண்டாம் ராஜாதிராஜ சோழன் பங்குனி உத்திர விழாவில் சுந்தரரின் புராணம் வாசிக்கக் கேட்டதை ஒரு கல்வெட்டு கூறுகிறது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் அது. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் ஒரு தொடரில் சொல்லிச் சென்ற கண்ணப்பரைச் சேக்கிழார் காடும் நாயும் வேட்டையுமாக விரித்தார்.

அச்சுப்படங்களில் கண்ணப்பரின் முதுகில் பெரும்பாலும் ஒரு தூணி இருக்கும். இராமன் படத்திலிருந்து எடுத்து ஒட்டியதுபோல, அம்புகள் விசிறியாக விரிந்து நிற்கும். சேக்கிழார் காட்டுவது வேறு. பூசைக்கு வரும் திண்ணனின் ஒரு கையில் அம்போடு கூடிய வில், மறு கையில் இறைச்சி வைத்த இலைக்கல்லை. இரு கையும் நிறைந்துவிட்டதால் திருமஞ்சன நீர் வாயில், பூ தலைமயிரில். வாயால் நீராட்டுவது பக்தியின் பித்து என்று மட்டும் உரை சொல்வோர் இந்தச் சுமையைக் கவனிப்பதில்லை. அம்பை முதுகில் போட்டுவிட்டால் ஒரு கை ஓரளவு ஓய்கிறது, காட்சியின் நெருக்கடி தளர்கிறது. இலங்கை வேடர் பற்றி செலிக்மன் 1911-ல் வெளியிட்ட நூலின் படங்களிலும் வில்லும் அம்பும் ஒரே கையில்தான். அது வேடனுக்கு இயல்பான பிடி, ஓசையும் எழாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இறைவன் கண்ணில் குருதி கண்டு கையிலிருந்தவை சிதற விழுந்த திண்ணன், எழுந்து பகைவரைத் தேடும்போது அம்பைத் தெரிந்தெடுக்கிறான். தெரிந்தெடுக்க ஒன்றுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் தூணி இருந்ததா? இருந்திருக்கலாம், கையில் சேர்த்துப் பிடித்த இரண்டு மூன்று அம்புகளாகவும் இருக்கலாம். சேக்கிழார் அதைத் திறந்தே விட்டிருக்கிறார். ஓவியர்கள் மூடிவிட்டார்கள்.

பின்னர் நடப்பதில் குழப்பமே இல்லை. மருந்து பலிக்காதபோது, தன் கண்ணை அகழத் திண்ணன் பயன்படுத்துவது அதே வேட்டை அம்பை. இரண்டாம் கண்ணுக்கு அடையாளமாகக் காலை ஊன்றியபோதும் கையில் இருப்பது ஒற்றைப் பகழி.