ஏரிக்கரை மேல் நடை

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி நடப்பது நடையே அல்ல. இந்த வட்டாரத்தில் கால்நடையாகப் போக வழி ஏரிக்கரைதான். ஒரகடம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் என ஊருக்கு ஊர் ஏரி. கரை மேல் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் ஏரிப் பாசன வயல்களான ஆயக்கட்டு. பல இடங்களில் வயல் போய் மதில் சுவர் வந்துவிட்டது, அது மனசை அறுக்கிறது.

நான் அதிக நேரம் நிற்பது பழைய மதகுகளின் அருகில். இரண்டு கல்தூண், நடுவே துளையிட்ட குறுக்குக்கல், அதன் வழியே இறங்கும் தண்டு. தண்டைத் தூக்கினால் அடியில் தூம்பு திறந்து வயலுக்குத் தண்ணீர் பாயும். எவ்வளவு எளிமை, எவ்வளவு அறிவு! ஏரி நிரம்பினால் மிச்சம் கலங்கல் என்னும் உபரிநீர் வழியைத் தாண்டி, கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாயோரமே நடந்தால் ஊர் விட்டு ஊர் போகலாம்.

மேலே சொன்ன மணிமங்கலத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்றான். பல்லவர்களின் கூரம் செப்பேடு இதைச் சொல்கிறது. இன்று அங்கே நாணலுக்குள் தாழைக்கோழிகள்.

போவதானால் தை மாதம் போங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கும், கரை காய்ந்திருக்கும். சீமைக்கருவேல முள் மட்டும் கவனம். செருப்பு போதாது, ஷூ வேண்டும்.