வீராம்பட்டினத்துக்குப் போகும் கேமராப் பை

புதுவையை அடுத்த வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேரைப் படம்பிடிக்க இரண்டு கிலோ கனமுள்ள ஒரு வீடியோ கேமரா போதும். அதனோடு பையில் வேறென்ன போகிறது என்று பார்த்தால் எடுப்பவரின் ரசனை தெரிந்துவிடும். கேமராவைக் கடையில் எவரும் வாங்கிவிடலாம். துணைக்கருவிகளை ஊர் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊட்டியில் எடுப்பவரின் பையும் காரைக்குடியில் எடுப்பவரின் பையும் கடலோரத்துக்கு அப்படியே ஒத்துவராது.

ஆடி ஐந்தாம் வெள்ளியன்று இங்கே தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் விட்டுப்போகாமல், இன்றைக்குத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். கிழக்கே வங்கக் கடல், பக்கத்திலே அரியாங்குப்பத்து ஆறு, ஆற்றங்கரையில் அரிக்கமேடு. இந்தச் சின்ன வட்டத்துக்குள் வெயில், உப்புக்காற்று, மணல், கூட்டம், தவில் சத்தம் என்று ஒரு கேமராவுக்கு வரக்கூடிய சோதனை எல்லாம் வந்துவிடுகிறது. பேச்சுக்கு ஒரு கேமரா வேண்டுமே; சோனி 2010இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எச்.எக்ஸ்.ஆர். என்.எக்ஸ்.5 என்ற கையடக்கமான எச்.டி. கேமராவை வைத்துக்கொள்கிறேன். அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள மூன்று சென்சார்கள், இருபது மடங்கு ஜூம், முன்வாயில் 72 மில்லிமீட்டர் மரை, எக்ஸ்.எல்.ஆர். மைக்குக்கு இரண்டு துளைகள். இந்த வகைக் கேமராக்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த அமைப்பில்தான் இருக்கும்.

முதலில் வெயில். ஆகஸ்டு நடுவில், பன்னிரண்டு டிகிரி வட அகலாங்கில் இருக்கும் புதுவையில், உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கிறது. ஐரிஸைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும். ஆனால் இவ்வளவு சிறிய சென்சாரில் எஃப்8, எஃப்11 என்று சுருக்கிக்கொண்டே போனால் ஒளி அந்தச் சிறு துளையின் விளிம்பில் சிதறி, படத்தின் கூர்மை மழுங்கிவிடும். தேர்ச்சிற்பங்களின் உளிவெட்டெல்லாம் கரைந்து போகும். அதற்காகத்தான் கேமராவின் உடம்பிலேயே ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வைத்திருக்கிறார்கள்: நான்கில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று. நல்ல ஒளிப்பதிவாளர் ஐரிஸை எஃப்4 பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை என்.டி.யிடம் ஒப்படைப்பார். வெளியே மாட்டும் ஃபில்டர் எதை வாங்குவது என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வர வேண்டும். உள்ளே என்.டி. இருக்கும்போது மறுபடியும் என்.டி. வாங்குவது வீண்.

வாங்க வேண்டியது போலரைசர். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் கேமரா பார்க்கும்போது இதன் வேலை முழுதாகத் தெரியும். இங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆகவே காலையில் கடற்கரையில் நின்று வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ படகு வரிசையை எடுத்தால், வளையத்தைத் திருப்பத் திருப்ப நீரின் மேலிருக்கும் வெள்ளைப் பளபளப்பு உரிந்து, அடியிலிருக்கும் பச்சை மேலேறி வருவதை வியூ ஃபைண்டரிலேயே பார்க்கலாம். எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைசிவரை திருப்பினால் கடல் வழவழவென்று பெயின்ட் அடித்த தரையாகிவிடும். முக்கால்வாசியில் நிறுத்தினால் அலைமுகட்டில் மட்டும் மினுக்கம் தங்கும். அந்தக் கொஞ்சம் மினுக்கம் இல்லாத கடலை எனக்குக் கடல் என்று சொல்ல மனம் வராது. வாங்கும்போது ‘சர்குலர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். மூன்று சென்சார் கேமராக்களில் ஒளியைப் பிரிக்கும் பட்டகத்துக்கு ‘லீனியர்’ வகை ஒத்துப்போகாமல் நிறத்தைச் சாய்த்துவிடக்கூடும்.

வெயிலுக்கு இன்னொரு துணை, மலிவாகக் கிடைக்கும் வெள்ளைத் துணி. சினிமாக்காரர்கள் தெர்மோகோல் அட்டை பிடிப்பார்கள். கடற்கரையில் அது கையில் நிற்காது, பறந்துபோகும். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரின் முன்னால் மணலில் துணியை விரித்துவிட்டால், உச்சி வெயில் கீழே பட்டு மேலே எழும்பி, புருவத்துக்குக் கீழே இருண்டு கிடக்கும் கண்களை வெளியே கொண்டுவரும். உப்பிலும் வெயிலிலும் கறுத்த முகத்துக்கு நேராக அடிக்கும் எல்.இ.டி.யைவிடப் கீழிருந்து பரவும் இந்த மெல்லொளிதான் அழகு. கன்னத்தெலும்பின் மேடும் நெற்றிச் சுருக்கமும் ஒவ்வொன்றாக உருவெடுக்கும்.

அடுத்து ஸ்டாண்ட். வீராம்பட்டினத்தில் மணல் பரப்பு அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகப் போட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்ததால், தெற்குப் பக்கத்தில் மணல் தங்கியது; வடக்கே புதுவை நகரத்துக் கரை தேய்ந்தது. இவ்வளவு மணலில் ட்ரைபாட் வைப்பவருக்குத் தெரியும், மூன்று காலும் ஒரே அளவில் இறங்குவதில்லை. ஒரு காலைச் சரிசெய்தால் இன்னொரு கால் புதையும். இங்கேதான் 75 மில்லிமீட்டர் கிண்ணம் உள்ள ஸ்டாண்டின் அருமை. ஹெட்டின் அடியில் ஓர் அரைக்கோளம் அந்தக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். கீழே உள்ள பிடியைத் தளர்த்தி, நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை ஹெட்டை மட்டும் சாய்த்து இறுக்கினால் ஆயிற்று. கால்களைத் தொடவே வேண்டாம். கடலை எடுக்கும்போது தொடுவானம் ஒரு நூலளவு சாய்ந்தாலும் பார்ப்பவர் கண்ணில் உறுத்தும் என்பதால், இந்தக் கிண்ணம் கடற்கரைக்காரருக்கு ஆடம்பரம் இல்லை. தட்டையான அடி உள்ள ஸ்டாண்டைத் தெருவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபுளூயிட் ஹெட்டைக் கடையில் சோதிப்பதே ஒரு சுகம். உள்ளே தட்டுகளுக்கு இடையில் கெட்டியான பிசுபிசுப்புத் திரவம் இருக்கிறது. கை எவ்வளவு வேகமாக இழுக்கிறதோ அவ்வளவுக்கு அது எதிர்த்து நிற்கும். அதனால் கையின் நடுக்கம் படத்துக்குப் போவதில்லை. கேமராவை மாட்டி, முன்பக்கமாகச் சாய்த்துக் கையை எடுத்துவிடுங்கள். சாய்த்த இடத்திலேயே அது நிற்க வேண்டும். முகம் குப்புற விழுந்தால் ஸ்பிரிங் போதாது. துள்ளி எழுந்தால் ஸ்பிரிங் அதிகம். பெரிய கேமராவுக்குச் செய்த விலையுயர்ந்த ஹெட்டில் சின்னக் கேமராவை வைத்தால் இந்தத் துள்ளல்தான் வரும். விலை கூடினால் வேலை சிறக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. தேர் நகர்வதற்கு முந்தைய நிமிடத்தில், வடத்திலிருந்து தேரின் தொம்பைகள் வழியாகக் கலசம்வரை மெதுவாக ஏறும் ஒரு டில்ட்டை இந்த ஹெட்டில் எடுத்தால், ஏறும் வேகத்திலேயே தேரின் கனம் தெரிகிறது. பேன் கம்பியில் ஒரு ஜூம் ரிமோட்டையும் மாட்டிக்கொண்டால் கேமராவைத் தொடாமலே, ஜூம் எப்போது தொடங்கியது என்று தெரியாதபடி நெருங்கலாம். சோனியின் ‘லாங்க்’ துளையில் செருகும் மெல்லிய வயர்தான் அது. தெருவில் கூட்டத்துக்கு நடுவே ஸ்டாண்ட் வைக்கக் கூடாது. வடம் பிடிப்பவர்களின் காலில் இடறும் எதுவும் அங்கே ஆகாது. மாடிக்கு ஸ்டாண்ட், தெருவுக்கு மோனோபாட்.

ஒலி விஷயத்தில் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். கேமராவின் தலையில் மாட்டும் ஷாட்கன் மைக்கின் உடலெல்லாம் கீறல்கள் இருக்கும். பக்கங்களிலிருந்து வரும் ஒலி அந்தக் கீறல்கள் வழியே வெவ்வேறு நொடிப்பிளவுகளில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன்னாலிருந்து வருவது மட்டும் முழுதாக மிஞ்சும். ஆனால் தாழ்ந்த ஒலிகளின் அலை மிக நீளம். ஒரு சாண், ஒன்றரைச் சாண் குழாய் அவற்றைப் பிரிக்கப் போதாது. ஆகவே அலையின் இரைச்சலும் ஜெனரேட்டரின் உறுமலும் எல்லாத் திசையிலிருந்தும் உள்ளே வரும். காற்றோ மைக்கின் முகத்தில் நேராக மோதித் தடதடக்கும்.

பலர் உடனே மைக்கிலுள்ள ‘லோ கட்’ பொத்தானைத் தட்டிவிடுவார்கள். தடதடப்பு போய்விடும், உண்மைதான். தேருக்கு முன்னே போகும் தவிலின் தொப்பியும் அதோடு போய்விடுமே! வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் எழுப்பும் சீறலுக்கு அடியில், இடக்கைக் கழி தொப்பியில் விழும்போது எழும் அந்த ஆழமான கும்காரம்தான் நெஞ்சில் படுகிறது. அதை வெட்டிவிட்டு எடுத்த தவில், தகரம் தட்டுவதாய்க் கேட்கும். அதனால் மேளம் வரும்போது பொத்தானை விட்டுவிட்டு, மைக்குக்கு முடி உறை போட வேண்டும். மைக்கோடு வரும் பஞ்சு அறைக்குள் பேட்டி எடுக்கத்தான் ஆகும். கடற்கரைக்கு நீள முடி உள்ள ‘டெட் கேட்’ வேண்டும். அந்த முடிகள் ஒவ்வொன்றும் அசைந்து அசைந்து காற்றின் வேகத்தைச் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ள, உள்ளே மைக்கைச் சுற்றிக் காற்று கிட்டத்தட்ட நின்றுபோகிறது. ஒலி மட்டும் கடந்து போகிறது. இதைவிட எளிமையான, இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு துணைக்கருவியை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் உப்புக்காற்றில் இருந்தால் முடி ஈரம் கோத்துத் திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் பாதி வேலைதான் செய்யும். நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, சீப்பால் வாரிவிட வேண்டும். தலைவாரும் சீப்பு ஒன்றைப் பையில் வைத்திருக்கும் சவுண்ட்காரரை நம்பலாம்.

நாகசுரம் உச்சத்துக்குப் போகும் நொடி யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒரே மைக்கை இரண்டு சேனலுக்கும் அனுப்பி, இரண்டாவதைப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் தாழ்த்தி வைத்துவிட்டால், முதல் சேனல் கிழியும் இடத்தில் இரண்டாவது கைகொடுக்கும். மைக் செட்டிலிருந்து வயர் வாங்குவதானால், கேமராவின் பொத்தானை ‘லைன்’ பக்கம் தள்ளி, நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியையும் வைத்தால் மின்சாரத்தின் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல் வராது. இதையெல்லாம் கேட்டறியக் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் வேண்டும். 1991 முதல் உருமாறாமல் வந்துகொண்டிருக்கும் சோனி எம்.டி.ஆர். 7506ஐ இன்னும் மக்கள் தேடுகிறார்கள் என்றால், அதன் நேர்மைதான் காரணம். கேட்க இனிமையாக்காமல், உள்ள குறையை உள்ளபடி காதில் சொல்லும்.

பேட்டரி, கார்டு பற்றி நீட்ட வேண்டியதில்லை. எவ்வளவு நிமிடம் மீதி என்று திரையில் எண்ணாகக் காட்டும் அசல் பேட்டரி இரண்டு போதும். 24 எம்.பி.பி.எஸ். தரத்தில் 32 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நிற்கும். வெவ்வேறு கம்பெனிக் கார்டுகளைக் கலக்காமல் இருந்தால் மனம் நிம்மதி.

தேர்ச்சக்கரத்தின் பக்கம் ஒரு முகம் இருக்கிறது. அநேக வீடியோக்களில் அது வருவதே இல்லை. முட்டுக்கட்டை போடுபவர் முகம். ஆயிரம் பேர் இழுக்கும் தேரை ஒரு கட்டையைச் சாய்த்து நிறுத்தவும் திருப்பவும் செய்கிற அந்த மனிதரையும் சக்கரத்தையும் தேரின் மேல்தட்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர, கேமராவின் 29.5 மில்லிமீட்டர் அகலம் குறுகலாக இருக்கும். 0.8 மடங்கு வைட் கன்வர்ட்டர் மாட்டினால் இருபத்து நான்குக்கு அருகில் வரும். அதற்கும் மேலே 0.5 என்று விலை மலிவாக விற்பதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். தேரின் நேர்க்கால்கள் எல்லாம் பீப்பாய்போல வெளியே வளைந்துவிடும். நிமிர்ந்து நிற்பதுதான் தேருக்கு அழகு. கன்வர்ட்டருக்கும் கழுத்தில் ஒரு ஹூட் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். கிழக்கு வெயில் ஓரத்திலிருந்து கண்ணாடியில் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும்.

உப்புக்கும் மணலுக்கும் ஒரு யு.வி. கண்ணாடி எப்போதும் முன்னால் இருக்கட்டும். துடைப்பதில் வரிசை முக்கியம்: முதலில் ரப்பர் ஊதுகுழல், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. ஒரு மணல்துகள் ஒட்டியிருக்கும்போது துணி போட்டால் கண்ணாடிக் கோட்டிங்கில் கோடு விழும். பையின் மூலையில் நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். அது வெளிறி இளஞ்சிவப்பானதும் சூடுகாட்டி மறுபடி நீலமாக்கிக்கொள்ளலாம்.

பையில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது அரிக்கமேட்டுக்கு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அந்த மேட்டில் ரோமானிய ஜாடித் துண்டுகளோடு கிடைத்தவற்றில் என் மனத்தைக் கவர்வது மணிகள்தான். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூட்டில் முனை மழுக்கிச் செய்தவை. மிளகைவிடச் சிறிய மணியும் உண்டு. புதுவை அருங்காட்சியகத்தில் உரிய அனுமதியோடு அவற்றை எடுக்கப் போனால், இந்தக் கேமராவின் ஜூம் முழு நீளத்தில் இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்காது. வைடில் கிட்டப் போனாலோ கேமராவின் நிழலே மணியின் மேல் விழும். இதற்கு 72 மில்லிமீட்டர் மரையில் திருகும் க்ளோஸ்-அப் கண்ணாடி ஒன்று போதும். ‘பிளஸ் 2’ என்று பொறித்ததை மாட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால், அரை மீட்டர் தள்ளியிருக்கும் பொருள் கூர்மையாக விழும். அரை மீட்டர் என்றால் விளக்கைச் சாய்க்க இடம் கிடைக்கிறது. ஒற்றைக் கண்ணாடி மலிவு, ஆனால் மணியின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக நிறம் கசியும். இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டிச் செய்த அக்ரோமாட் வாங்கினால் அந்தக் கசிவு இல்லை. ஒரு சின்ன எல்.இ.டி. பலகையை மணியின் பின்னால், பக்கவாட்டில், தாழ வைத்துப் பாருங்கள். ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது, குழலாக இழுத்த காலத்து நுண்குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டு கிடப்பது திரையில் தெரியும்.