தூக்கிவிட ஆள் வேண்டும்

பெண்ணின் எடையையே கதையாக எடுத்துக்கொண்ட பெரிய தமிழ்ப் படம் எது என்று கேட்டால் ‘இஞ்சி இடுப்பழகி’ என்றுதான் பதில் வரும். 2015இல் வந்தது. கனிகா தில்லனின் கதை, பிரகாஷ் கோவலமுடியின் இயக்கம். அனுஷ்கா இதற்காகவே உடம்பை ஏற்றிக்கொண்டு நடித்தார். குண்டுப் பெண்ணைச் சிரிப்பு மூட்ட மட்டுமே வைத்திருந்த சினிமா அவளைக் கதாநாயகி ஆக்கியது என்று பலரும் பாராட்டினார்கள். நானும் ரசித்தேன். போன வருடம் கரண்டைக்கால் முறிந்து, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தபோது மறுபடி பார்த்தேன். அந்தப் படத்தில் எது இல்லை என்பது அப்போது கண்ணில் பட்டது.

படத்தில் எடை என்பது கல்யாணச் சந்தை விவகாரம். ஊர்வசி நடித்த அம்மாவுக்கு மகள் இளைக்க வேண்டும், மாப்பிள்ளை அமைய வேண்டும். எதிரே பிரகாஷ்ராஜ் நடத்தும் எடைக்குறைப்பு நிலையம். அதை நம்பிப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும் தோழி. அந்த வியாபாரத்தைப் படம் சாடுவது நியாயமானதே. ஆனால் மாற்றாக அது சொல்வதெல்லாம் ஓடு, ஆடு, உடம்பை அசை என்பதுதான். நிற்கத் தெம்புள்ள இரண்டு கால்களும், அடுப்படியிலிருந்து விடுபட்ட ஒரு மணி நேரமும் கையில் இருப்பவளுக்குச் சொன்ன வழி அது.

கால் ஒடிந்த வீட்டில் எடைக்கு வேறு அர்த்தம். என்னைப் பார்க்க வந்த ஒருத்தி, “என்ன மதினி, படுத்துக்கிட்டே ஒரு சுத்து பெருத்துட்டீகளே” என்றாள். அதோடு விடவில்லை. “அண்ணன் எப்படித்தான் தூக்கிவிடுதாகளோ” என்றாள். என் அழகைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. இன்னொருவர் கைக்கு நான் எத்தனை பாரம் என்பதுதான் பேச்சு.

இந்தக் கரிசக்காட்டில் பல வீடுகளில் கக்கூஸ் வெளியே, கொல்லைப்பக்கம் இருக்கும். அதுவும் குத்தவைத்து உட்காருவது. மாவுக்கட்டுக் காலோடு தனியாகப் போய்வர முடியாது. அதனால் கால் ஒடிந்த பெண்கள் முதலில் குறைப்பது தண்ணீரை, அடுத்து ராத்திரிச் சாப்பாட்டை. இளைப்பதற்காக இல்லை, நடுச்சாமத்தில் யாரையும் எழுப்பாமல் இருப்பதற்காக. பார்க்கிறவர்கள் இதை ‘வாயைக் கட்டுகிறாள்’ என்று மெச்சவும் செய்வார்கள்.

உள்ளே நடப்பதோ நேர்மாறு. எலும்பு கூடுகிற காலத்தில்தான் உடம்பு புரதத்தையும் கால்சியத்தையும் கூடுதலாகக் கேட்கும். அசையாமல் கட்டிவைத்த காலில் ஓரிரு வாரத்திலேயே கெண்டைச்சதை கரையத் தொடங்கிவிடும்; பட்டினி கிடந்தால் இன்னும் வேகமாகக் கரையும். தராசில் ஏறி நின்றால் முள் இறங்கியிருக்கும். இறங்கியதில் நாளைக்கு நடக்க வேண்டிய சதை எவ்வளவு என்பது தராசுக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் குறைக்க வேண்டியது தட்டில் குவிக்கிற சோறு, சீனி போட்ட டீ, பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் பிஸ்கட், சேவு. குறைக்கக் கூடாதது முட்டை, பருப்பு, நிலக்கடலை, மீன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூழாகக் குடித்தாலும் சரி, களியாகத் தின்றாலும் சரி. உட்கார்ந்தபடியே தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கலாம். டாக்டர் சரி என்ற பிறகு முழங்காலை நீட்டி மடக்கலாம். எங்கள் வீட்டில் இதையெல்லாம்விட உதவியது நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். அது வந்த பிறகு நான் வயிறார ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஆணுக்குக் கால் ஒடிந்தால் இந்தப் பாரக் கணக்கு எழுவதில்லை. 1959இல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தில், உடம்பில் பெரியவரான குண்டுமணியைத் தூக்கும்போது எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. குணமாகி மறுபடி சண்டைக் காட்சிகளில் நடித்தார். 1977இல் எங்கள் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சரும் ஆனார். இங்கே பெரியவர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் கதை இது: விழுந்தார், எழுந்தார். கட்டுப் போட்டுக் கிடந்த நாட்களில் அவரை யார் எழுப்பி உட்காரவைத்தார்கள், எத்தனை கிலோ கூடினார் என்று நான் கேட்டவரை ஒருவரும் சொன்னதில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். பேச்சு மட்டும் ஒரு பக்கமே விழுகிறது. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெருத்த உடம்பும் சத்தில்லாத ரத்தமும் ஒருத்திக்கே இருக்கலாம் என்பது படத்தின் தோழிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

ஸ்வீட்டி இளைக்காமலே அவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. அதையே படம் வெற்றியாக வைக்கிறது. எனக்கு மறுமுறை பார்த்தபோது ஊர்வசியின் பாத்திரம்தான் உறுத்தியது. கதை முழுக்க மகளின் உடம்பை அளக்கும் அம்மா அவள். அவளுக்கென்றும் ஒரு உடம்பு இருப்பதைத் திரைக்கதை கண்டுகொள்ளவில்லை. அவள் விழுந்தால் அந்த வீட்டில் யார் உலை வைப்பார்கள், அவளை யார் தூக்கிவிடுவார்கள் என்று எழுதிப் பார்த்திருந்தால் படம் வேறு திசையில் போயிருக்கும்.