குறுகிய காலப் பயணமும் நெடுங்காலப் பணியும்

அயல்நாட்டுச் சபைகளின் குழுக்கள் பத்து நாள், பதினைந்து நாள் அருட்பணிக்கெனத் தமிழ்நாட்டுக்கு வருவதும், நம் சபைகளிலிருந்து அவ்வாறே குழுக்கள் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் செல்வதும் இன்று வழக்கமாகிவிட்டன. இவற்றை எழுப்புதலின் அடையாளமெனப் போற்றுவோர் உளர். வேறு பெயரில் நடக்கும் சுற்றுலா என ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் நாட்களையே எண்ணுகின்றனர். குறை நாட்களின் எண்ணிக்கையில் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தெசலோனிக்கேயாவில் பவுல் தங்கிய காலம் குறுகியதே. ஓய்வுநாட்கள் மூன்றில் அவர் ஜெப ஆலயத்தில் உரையாடியதை அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆயினும் அவர் அச்சபையைத் தம் அனுபவக் கதையாக்கிக்கொண்டு அகன்றுவிடவில்லை. தீமோத்தேயுவைத் திரும்ப அனுப்பினார், செய்தி அறிந்தார், நிருபம் எழுதினார். குறுகிய வருகை நீண்ட உறவின் ஓர் அங்கமாயிருந்தமையால் அது பணியாயிற்று.

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. சங்கரன்கோவில் வட்டாரத்தை உள்ளடக்கிய வட திருநெல்வேலியில் 1854-இல் தாமஸ் கஜெத்தான் ராக்லண்டும் அவருடைய தோழர்களும் சுற்றுப்பிரயாண ஊழியத்தைத் தொடங்கினர். அவர்கள் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்றனர். அவர்களுக்குத் துணையாகத் தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாத முறையாக அனுப்பின. இதுவும் குறுகிய கால அருட்பணியே. ஆனால் ஒரு மாதம் பணி செய்து திரும்பியவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார். வந்து போனவர்களின் மாதங்களைக் கோத்து வைக்க அங்கேயே வாழ்ந்தவர்கள் இருந்தனர். ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் மரிக்கும்வரை அக்களத்தை விட்டு நீங்கவில்லை.

இன்றைய பயணங்களில் பெரும்பாலானவை இக்கோவையை இழந்திருப்பதே கவலைக்குரியது. சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு நாளில் வந்திறங்கும் ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம். பெருந்திரளைப் படம் பிடித்து, இருளில் இருக்கும் மக்கள் என்று அறிக்கை எழுதுவது அதற்கு எளிது. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வாதிட்ட சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்களின் கதையையும், கோமதியம்மனின் தவத்துக்கு இரங்கி இறைவன் ஒரே திருவுருவில் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தார் என்னும் தலபுராணத்தையும் அக்குழு எவரிடம் கேட்டறியும்? சமயப் பூசலைத் தீர்க்க விழைந்த ஓர் ஊரின் நெடுநாள் ஏக்கத்தை அறியாமல் அவ்வூரில் ஒப்புரவின் நற்செய்தியை எங்ஙனம் அறிவிப்பது? விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுதும் நிற்பவரின் களைப்பையும் பத்து நாளில் அறிதல் அரிது. அவற்றை அறிந்த உள்ளூர் ஆயரோ அந்நாட்களில் மொழிபெயர்ப்பாளராகவும் வண்டி ஏற்பாடு செய்பவராகவும் குறைக்கப்படுகிறார்.

இதில் ஒரு நேர்மைக் கேள்வியும் அடங்கியுள்ளது. இந்தியச் சட்டத்தில் மிஷனெரி விசா தனியே உண்டு. சுற்றுலா விசாவில் வந்து சமயப் பிரசாரம் செய்ய அனுமதியில்லை. விதியை மீறிப் பேசியவர் விமானம் ஏறிவிடுவார். காவல் நிலையத்திலும் அயலார் முன்னும் விடை சொல்ல வேண்டியவர் ஆயரும் அவருடைய சிறு சபையுமே. பிறர் தலையில் விலையை ஏற்றிவிட்டுப் பெறும் துணிவு விசுவாசத்தின் துணிவு அன்று.

பயன் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. 1998-இல் மிட்ச் புயல் ஹொண்டுராஸ் நாட்டைச் சிதைத்தபின் வட அமெரிக்கக் குழுக்கள் அங்குச் சென்று வீடுகள் கட்டின. இதை ஆராய்ந்த கர்ட் வெர் பீக், அயலார் கட்டிய வீடுகளுக்கும் உள்நாட்டார் கட்டியவற்றுக்கும் இடையே குடியிருப்போர் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. சென்று திரும்பியோரின் கொடையிலும் ஜெபத்திலும் நிலைத்த மாற்றம் சிறிதே. எனவே, போகிறவர்களாவது மாறுகிறார்களே என்னும் வாதமும் தானாக நிறைவேறுவதில்லை.

ஆயினும் அது நிறைவேறக் கூடியதே என்பதற்கு அசரியா சாட்சி. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்குத் தம் செலவில் ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டார். தம் திருநெல்வேலித் திருச்சபை அவ்வாறு செய்யாதிருப்பதை எண்ணினார். மறு ஆண்டே, 1903-இல், இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் தோன்றியது. அதன் ஊழியர் தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்று அம்மக்களோடு வாழ்ந்தனர். அசரியா யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கச் சென்று திரும்பியதைவிட, அங்கே பெற்றுத் திரும்பியதே பெரிது.

ஆகவே, குழுவை அனுப்பும் சபையும் ஏற்கும் சபையும் மூன்று வினாக்களை முன்வைப்பது நன்று. இப்பயணத்தை விரும்பி அழைத்தவர் யார்? திரும்பியபின் உறவைத் தொடர்பவர் யார்? அதன் அறிக்கையை ஏற்ற சபையாரின் முன்னிலையில் நாணமின்றி வாசிக்க இயலுமா? லூக்கா 10-இல் அனுப்பப்பட்டவர்கள் ஒரே வீட்டில் தங்கி, முன்வைக்கப்பட்டதை உண்ணும்படி கட்டளை பெற்றனர். நற்செய்தியைச் சுமந்து சென்றவர்களே முதலில் விருந்தினராய் இருக்கக் கற்றனர். அப்பணிவைக் கற்ற குழுவுக்குப் பத்து நாளும் போதும். கல்லாதார்க்குப் பத்து ஆண்டும் போதா.